அந்த நீலக் குமிழைக் கையால் தொடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் கிழக்குக்கரைக்குச் சுற்றுலா போகும் பினாங்குக் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது. மணலில் நீலமும் ஊதாவுமாகச் சிறு பலூன் போல ஒதுங்கிக் கிடப்பதை ஜெல்லி மீன் என்கிறார்கள். தவறு. ‘போர்த்துக்கீசியப் போர்க்கப்பல்’ எனப்படும் இது, ஒட்டி வாழும் பல உயிரிகளின் கூட்டம். மிதக்க, இரை பிடிக்க, செரிக்க, இனம் பெருக்க என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உயிரி.

மிதவைப் பை 30 சென்டிமீட்டர்வரை வளரும். உள்ளிருக்கும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் உண்டு. நீந்தத் தெரியாது, காற்று தள்ளும் பக்கம் போகும். அதனால்தான் கூட்டமாகக் கரை ஒதுங்குகிறது. கொட்டும் இழைகள் பொதுவாக 10 மீட்டர், சிலவற்றில் 30 மீட்டர்கூட இருக்கும். மீன்குஞ்சு உரசியதும் நஞ்சு பாயும், இழை சுருங்கி இரையை மேலே தூக்கும். செரிக்கும் உயிரிகள் வாயை அகல விரித்து மீன்மேல் போர்வையாக ஒட்டிக்கொண்டு, அங்கேயே கரைத்து உறிஞ்சும்.

செத்துக் கிடந்தாலும் கொட்டும். பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். பட்டுவிட்டால் கடல்நீரால் கழுவி, இழைகளை இடுக்கியால் எடுத்து, பட்ட இடத்தைத் தாங்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைக்கவேண்டும். மணலால் தேய்த்தால் தோலில் மிச்சமுள்ள கொட்டணுக்களும் (நஞ்சைப் பாய்ச்சும் நுண்ணிய பைகள்) வெடிக்கும். பினாங்குக் கடலில் காணும் பெட்டி ஜெல்லி (பெட்டி வடிவ ஜெல்லி மீன்) வேறு. அதற்கு முதலில் 30 வினாடி வினிகர் ஊற்றவேண்டும். மூச்சுத் திணறினால் உடனே 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

கடலுயிர் ஆர்வலர்,
தெலுக் பஹாங், பினாங்கு