எல்லாம் ஒரே உடம்பில்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'பல நோய்கள் ஒருசேர வருவது முதுமைக்கே உரியது' என்று ஒரு வரி. மற்றபடி அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அந்த வரியைப் படித்த 48 வயது வாசகர், நமக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார். அதுதான் மனதை உறுத்துகிறது.

2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்காட்லாந்து ஆய்வு தாங்கள் அறிந்ததே. 314 பொது மருத்துவ மையங்கள், ஏறத்தாழ 17.5 லட்சம் பேரின் பதிவுகள். இரண்டும் அதற்கு மேலும் நாள்பட்ட நோய் உள்ளவர்களின் விகிதம் வயதோடு ஏறுகிறது, உண்மை. தலையை எண்ணிப் பார்த்தாலோ 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களே அதிகம். வறுமை மிகுந்த பகுதிகளில் இந்த நிலை 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. கட்டுரையாளர் விகிதத்தை மட்டும் பார்த்து எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

நடுவயதில் நோய்கள் கண்டபடி சேர்வதுமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, உடற்பருமன் ஒரு கூட்டு. சத்தமில்லாமல் அதில் வந்து சேர்வது சிறுநீரக பாதிப்பு. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் மூன்று மாதம் நீடித்தால் அது எச்சரிக்கை. ஆண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டிய இந்தப் பரிசோதனையைப் பற்றித் தங்கள் சர்க்கரை நோய்ச் சிறப்பிதழில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு கூட்டு மூட்டுவலி, முதுகுவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு. இது பெண்களிடம் கூடுதல். வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் வலி கூடும். நடையும் நின்று போக, சர்க்கரையும் ஏறும். இவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும்: கடந்த இரண்டு வாரங்களில் மனம் அடிக்கடி சோர்ந்து போனதா? எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனதா? இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முழங்காலை மட்டும் பார்த்து அனுப்பினால் இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லை.

வாரம் ஒரு நோய் என்று தாங்கள் பிரித்துப் போடுவதில் எங்களுக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. மூட்டுவலி வாரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று தயக்கமின்றி எழுதினார்கள். அதைப் படிப்பவர் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது லோசார்டனும், கூடவே சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால்? வலி மாத்திரை, சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்குகிறது. அழுத்த மாத்திரை, வெளியேறும் குழாயை விரிக்கிறது. மூன்றாவது மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர வடிகட்டியில் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அன்று வாந்தியோ பேதியோ வந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். இதைச் சொல்லாமல் வலி மாத்திரையின் பெயரை அச்சிடக் கூடாது, ஐயா.

மருந்தின் விளைவையே புது நோயாக எண்ணி மருந்து சேர்ப்பதும் இப்படித்தான். ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். வீக்கத்துக்கென்று சிறுநீர் பிரிக்கும் மாத்திரை வரும். அதனால் யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரலில் வலி. அதற்கும் ஒரு வலி மாத்திரை! சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பாதம் மரத்துப்போனால் சர்க்கரையால்தான் என்று முடிவுகட்டுமுன் பி12 அளவைப் பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் பதற்றத்துக்கோ தலைவலிக்கோ ப்ரோப்ரனலால் சாப்பிட்டால் மூச்சுக்குழாய் இறுகலாம்.

கேள்வி-பதில் பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாசகர் நான்கு நோய்களை எழுதி அனுப்பினாலும் பதில் ஒன்றுக்கே வருகிறது. மற்ற மூன்றையும் சுமந்துகொண்டு அவர் எங்கே போவார்? நாள்பட்ட நோய் என்றாலே நரைத்த தலையும் கைத்தடியும் படமாக வருவது எத்தனை ஆண்டுகளாக! 45 வயதில் வேலைக்குப் போய்க்கொண்டே ஆறு மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

தங்களிடம் கேட்பது இரண்டுதான். அந்த வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். வாசகர் கேள்வி அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: 'தற்போது சாப்பிடும் மருந்துகள் அனைத்தும், அளவோடு, கடையில் நேரே வாங்கும் வலி மாத்திரை உட்பட.'

இப்படிக்கு,
பொது மருத்துவம் பார்க்கும் வாசகர்