செயலாளர் ஆண்டறிக்கை: தடாகத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மை அலைக்கழித்தது தண்ணீர்தான். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசிய மாதங்களில் உப்புவெளிப் பக்கம் சில கிணறுகள் உவர்த்தன. நீச்சல் தடாகம் உள்ள வீடுகள்தான் இறைத்துத் தள்ளுகின்றன என்று அயலவர்கள் குறைப்பட்டார்கள். கடற்கரை மணலில் அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். அதனால் அந்தக் குறையை உதறிவிட முடியாது.

தடாகக்காரர்களோ எங்கோ ஒழுகுகிறது என்றார்கள். ஒரு வீட்டில் ரைல்ஸைக்கூடக் கிளப்பிப் பார்த்துவிட்டார்கள், ஒழுக்கு இல்லை. 8 மீற்றருக்கு 4 மீற்றர் தடாகத்தில் நாளுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியானாலே 192 லீற்றர் போய்விடும். கச்சானுக்கு அது பெரிய வேலையா?

ஆகவே உடைக்க முன் வாளி வைத்துப் பாருங்கள். வாளிக்குள் ஒரு கல்லைப் போட்டு, தடாகத் தண்ணீரை நிரப்பி, விளிம்பு வெளியே தெரிய தடாகத்தின் மேற்படியில் வையுங்கள். உள்மட்டத்தையும் வெளிமட்டத்தையும் பென்சிலால் குறியுங்கள். தானாக நிரப்பும் மிதவையை மூடிவிடுங்கள். ஒழுக்கை மாதக்கணக்கில் மறைப்பதே அதுதான். 24 மணித்தியாலம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் காற்றின் வேலை. வெளிமட்டம் அதிகமாக இறங்கியிருந்தால் ஒழுக்கு. மோட்டர் ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால், தண்ணீர் திரும்பி வரும் குழாயை முதலில் சந்தேகியுங்கள். வெடிப்பிலும் விளக்குக் குழியிலும் மோட்டரை நிறுத்திவிட்டு உணவுச் சாயம் ஒரு சொட்டு விட்டால், ஒழுகும் இடம் சாயத்தை இழுத்துக் காட்டிவிடும்.

காற்றுக்கு மருந்து மூடிதான். தண்ணீர்மேல் விரிக்கும் குமிழிப் பிளாஸ்டிக் விரிப்பு ஆவியாவதைப் பெருமளவு நிறுத்தும். பகலில் தண்ணீரைச் சூடாக்கும் என்பதால் நம் ஊருக்கு இரவில் விரிப்பதே நல்லது. ஓரங்களை இறுக்காவிட்டால் விரிப்பு பக்கத்து வளவில்தான் கிடக்கும். விரிப்புக் கிடக்கும்போது பிள்ளைகளை அருகில் விடவேண்டாம். அப்புறம், மணல் பில்டரைக் கிழமைக் கணக்கில் கழுவாமல், அழுத்தமானி வழக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியதும் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் ஓடுவதைக் காட்டும் பில்டர்க் கண்ணாடியில் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிடலாம்.

கச்சான் மாதங்களில் கிணற்று நீரின் உவர்ப்பை அளக்கச் சங்கத்துக்கு ஒரு மானி வாங்கும் யோசனையைச் சபையின் முடிவுக்கு விடுகிறேன்.

செயலாளர்