‘பொருந்தும்’ என்ற ஒரு சொல்லும் வெட்டப்பட்ட ஒரு புகைக்குழாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஞ்சினின் புகையைத் திரட்டி வெளியே விடுவதற்காகத் தொழிற்சாலையில் பூட்டி வரும் வார்ப்பிரும்பு மனிபோல்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக வெளிச்சந்தையில் வாங்கிய ஹெடர் என்ற குழாய்த் தொகுதியைக் காரில் பூட்டும் ஆசை திருகோணமலையில் எங்கள் பிள்ளைகளிடமும் இருக்கிறது. ‘உங்கள் காருக்கு அப்படியே பொருந்தும்’ என்று சொல்லி விற்கப்படும் அந்தப் பொருள் பொருந்தாமற் போகும்போது அதனால் வரும் நட்டம் முழுவதையும் வாங்கியவரே சுமக்க நேர்கிறது. அதைப் பற்றித் தங்கள் பத்திரிகை வழியாகச் சில விடயங்களை எடுத்துச்சொல்ல விரும்புகிறேன். ஹெடர் பூட்டுவதே குற்றம் என்று சொல்பவன் அல்லன் நான். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் புகைக்குத் தனித்தனிக் குழாய் கொடுத்து, நான்கை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி வெளியே விடும் அந்த அமைப்பு நன்றாகச் செய்யப்பட்டு நன்றாகப் பூட்டப்பட்டால் எஞ்சின் இலகுவாக மூச்சு விடும் என்பது உண்மையே. சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலைப் பட்டறையில் இருபத்தேழு ஆண்டுகள் பிற்றராக வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குள்ள குறை, ‘பொருந்தும்’ என்ற அந்தச் சொல்லைப் பற்றியது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய கார் வாங்க வழியில்லாதவர்கள் கையிலிருந்த பழைய காரையே திருத்தி, மெருகேற்றி ஓட்டப் பழகிக்கொண்டார்கள். என் தங்கையின் மகனிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான். 1998 ஆம் ஆண்டின் ஹோண்டா சிவிக், ஈகே3 என்று எல்லோரும் அறிந்த வகை. அவர் கொழும்பிலுள்ள ஒரு கடைக்குத் தொலைபேசியில் காரின் ஆண்டையும் பெயரையும் சொல்லி, 42,000 ரூபாய் அனுப்பி, துருப்பிடிக்காத உருக்கினால் செய்த இரண்டு துண்டு ஹெடர் ஒன்றை பஸ்ஸில் பொதியாக வரவழைத்தார். பெட்டிக்குள் ஹெடரும், கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கஸ்கெட் ஒன்றும், ‘விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாது’ என்று முத்திரையிட்ட பற்றுச்சீட்டும் இருந்தன. எந்தச் செசிக்கு, எந்த எஞ்சினுக்கு, சுக்கான் எந்தப் பக்கமுள்ள காருக்கு என்று எழுதிய துண்டுக் கடதாசிகூட இல்லை.

மறுநாள் மாலை நான் கராஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வேலை நடந்து முடிந்திருந்தது. ஹெடரின் மேல் பிளாஞ்ச் (குழாய் நுனியிலுள்ள துளையிட்ட இணைப்புத் தகடு), எஞ்சின் தலையில் நீட்டி நிற்கும் புரியாணிகளான ஸ்டட்டுகள் அத்தனையிலும் வழுக்கிக்கொண்டு ஏறியிருக்கிறது. அதைப் பார்த்ததுமே எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் புதிய பிளாஞ்ச் பழையதைவிடத் தடிப்பானது என்பதால், நட்டு மூன்று புரிகளை மட்டுமே பிடித்து நின்றது. கீழே போன குழாய் எஞ்சினின் கீழுள்ள குறுக்குச் சட்டத்தில் உரசியது. ரேடியேட்டர் விசிறியின் கூட்டுக்கும் முதலாம் குழாய்க்கும் இடையே என் சுண்டுவிரல் நுழையவில்லை. கடைசி பிளாஞ்ச் பழைய புகைக்குழாயின் வாயை எட்ட இன்னும் நான்கு விரற்கடை வேண்டியிருந்தது. இதற்கு அந்தக் கராஜில் கண்ட பரிகாரம், இரண்டாம் குழாயைச் சுத்தியலால் உள்ளே தட்டி இடம் எடுப்பதும், பழைய புகைக்குழாயைக் கிரைண்டரால் அறுத்து இடையில் ஒரு துண்டு வைத்து ஒட்டுவதுமாகும். “மாமா, நேரே பிட் ஆகும் எண்டுதான் சொன்னவங்கள்” என்று மருமகன் சொன்னபோது, அறுத்த குழாய் அவர் காலடியில் கிடந்தது.

அந்த அறுப்புத்தான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. ஹெடரில் சுத்தியல் பட்ட கணத்திலேயே கடைக்காரருக்கு, “நீங்கள் பொருளைப் பழுதாக்கிவிட்டீர்கள்” என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்துவிடுகிறது. பழைய குழாயை அறுத்த கணத்திலேயே, பிடிக்காவிட்டால் முன்பிருந்ததையே திரும்பப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற வழியும் அடைபட்டுவிடுகிறது. எந்த ஹெடரையும் முதலில் எதையும் வெட்டாமல், எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் ஏற்றி, கீழ்த் துண்டையும் புகைக்குழாயையும் தொடுத்துப் பார்த்து, நான்கு பக்கமும் விரல் விட்டு அளந்த பின்னர்தான் ஸ்பெனரைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு மணித்தியால வேலைதான். அந்த ஒரு மணித்தியாலத்தைச் செலவிட்டிருந்தால், சுத்தியல் படாத ஹெடரைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேட்டிருக்கலாம்.

நியாயமாகச் சொல்வதானால் குற்றம் முழுவதும் ஹெடருடையதன்று. காரை உயர்த்திப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் எஞ்சினைத் தாங்கும் மவுண்டின் இறப்பர் நசிந்து, எஞ்சின் அந்தப் பக்கமாக 9 மில்லிமீற்றர் இறங்கியிருந்ததைக் கண்டேன். புதிய மவுண்ட் போட்டதும் குறுக்குச் சட்டத்தில் உரசிய குழாய் தானாகவே விலகிவிட்டது. கால் நூற்றாண்டு ஓடிய காரில் எஞ்சின் அதன் பழைய இடத்தில் இருப்பதில்லை. முன்பக்கம் ஒருமுறை மோதித் திருத்திய காராக இருந்தால் ரேடியேட்டரும் அதன் பழைய இடத்தில் இராது. ஆகவே ஹெடர் வாங்க நினைப்பவர், பணத்தை அனுப்புவதற்கு முன் மவுண்டுகளைப் பார்ப்பது நல்லது. ஆனால் தடித்த பிளாஞ்சுக்கும் நான்கு விரற்கடைக் குறைவுக்கும் மவுண்ட் பொறுப்பாகாது.

இடைவெளி சிறிது இருந்தால் போதும் என்று நினைப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. குளிர்ந்த காரில் அளந்த இடைவெளி சூடான காரில் அப்படியே இராது. துருப்பிடிக்காத உருக்குக் குழாய் ஒரு மீற்றர் நீளமிருந்து அதன் வெப்பம் 500 பாகை கூடினால் ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர் நீளும். சாதாரண உருக்கு 6 மில்லிமீற்றர் நீளும். அதற்கு மேல், கிளச்சை விடும்போது எஞ்சின் மவுண்டில் ஆடுகிறது. குளிரில் 3 மில்லிமீற்றர் விலகி நின்ற குழாய் சூட்டில் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும். அது விசிறியின் பிளாஸ்டிக் கூடாகவோ வயர்க்கட்டாகவோ இருக்கலாம். எங்கள் காரைப் பத்து நிமிடம் ஓடவிட்டபோதே பிளாஸ்டிக் உருகும் மணம் எழுந்தது. பழைய மனிபோல்டின்மேல் இருந்த தகட்டுக் கவசம் ஹெடரில் ஏறாது என்று அதை ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அது அழகுக்காக வைத்த தகடு அன்று.

சுக்கான் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் விற்கப்படும் ஹெடர்களில் பல அமெரிக்கச் சந்தைக்காக, அதாவது இடப்பக்கச் சுக்கானுள்ள கார்களுக்காகச் செய்யப்பட்டவை. சிவிக் ஈகே3 போன்று புகை வாயில் ரேடியேட்டரை நோக்கியிருக்கும் கார்களில் இதனால் பெரிய சிக்கல் வராது. ஆனால் விட்ஸ், கொரொல்லா 121 ஆகியவற்றில் வந்த 1என்இசட் எஞ்சினைப் போல் புகை வாயில் பின்பக்கம், ஓட்டுநர் காலிருக்கும் சுவரை நோக்கியிருந்தால், குழாய் இறங்கும் பாதையும் சுக்கான் தண்டு இறங்கும் பாதையும் நெருங்கிவருகின்றன. சுக்கானோடு உரசும் குழாயைத் தட்டி வளைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கராஜில் காரை ஒரு நிமிடமும் விடக்கூடாது.

புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்லும் ஒட்சிசன் சென்சர் விடயத்தில் எங்கள் ஹெடர் செய்த பிழை எனக்கு வேடிக்கையாகவே இருந்தது. சென்சருக்குரிய 18 மில்லிமீற்றர்த் துளை, குழாயின் அடிப்பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் எஞ்சினை இயக்கியதும் புகைக்குழாய்க்குள் நீர் கசிந்து தேங்கும் என்பதும், அந்த நீர் சூடான சென்சரில் பட்டால் உள்ளிருக்கும் பீங்கான் வெடிக்கும் என்பதும், அதனால்தான் சென்சரைக் கிடைமட்டத்திலிருந்து பத்துப் பாகையாவது உயர்த்திச் சாய்த்து வைக்க வேண்டும் என்பதும் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. போதாக்குறைக்கு, சென்சரின் வயர் அந்த இடத்தை எட்ட ஒரு சாண் குறைவாயிருந்தது.

மூன்று புரிகளில் நின்ற நட்டுகளின் விளைவு நான்காம் நாளே தெரிந்தது. குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் டிக் டிக் என்று ஒரு சத்தம். கஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு. இதைச் சத்தம்தானே என்று விடக்கூடாது. சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தால், புகையின் அழுத்தம் தாழும் கணங்களில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சர் அதைப் பார்த்து எரிபொருள் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினி பெற்றோலைக் கூட்டிவிடும். வலுவுக்காக ஹெடர் போட்டவர் கடைசியில் காண்பது பெற்றோல் செலவைத்தான். அதைவிடப் பொல்லாதது, எஞ்சின் அறைக்குள் கசியும் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. அதற்கு மணமில்லை. கண்ணாடிகளை ஏற்றி, குழந்தைகளைப் பின்னிருக்கையில் உறங்கவிட்டு, கந்தளாய், ஹபறணை வழியாக இரவில் கொழும்புக்கு ஓடுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் நீண்ட ஸ்டட்டுகளை மாற்றி, பிளாஞ்சின் முகத்தில் நேர்விளிம்பு வைத்துப் பார்த்து, வெல்டிங் சூட்டில் கோணியிருந்த இடத்தைத் தேய்த்துச் சமன்செய்து, நடுவிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு நட்டையும் ஹோண்டாவின் கையேடு சொல்லும் 31 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கிய பின்னரே அந்தச் சத்தம் நின்றது. சில நாள்கள் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கவும் வேண்டியிருந்தது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண உருக்கில் செய்து வெள்ளிப் பூச்சுப் பூசிய மலிவு ஹெடர்களுக்கு எங்கள் உப்புக் காற்று ஆகாது. அவற்றின்மேல் வெப்ப நாடா சுற்றினால் ஈரம் நாடாவுக்குள் தங்கி, குழாய் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அரித்துப்போகும்.

புகைப் பரிசோதனையையும் மறக்க முடியாது. 2008 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின்படி, ஆண்டுதோறும் புகைச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஹெடர் பூட்டும்போது ‘இது தடை’ என்று, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டரைக் கழற்றி விற்றுவிடும் கராஜுகள் உண்டு. பரிசோதனை நாளில் அவதிப்படப்போவது வாகனச் சொந்தக்காரர்தான்.

இனி நான் கேட்பது என்ன என்பதைச் சொல்கிறேன். ஹெடர் விற்பவர் பற்றுச்சீட்டிலேயே செசி வகை, எஞ்சின் வகை, சுக்கான் பக்கம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சென்சர்த் துளையும் கடைசி பிளாஞ்சும் எங்கே வருகின்றன என்பதைக் காட்டும் அளவுப் படம் ஒன்றையும் இணைக்க வேண்டும். இது புதுமையான கோரிக்கை அன்று. எங்கள் நாட்டில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாங்குபவர் தமது தேவையைத் தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே அந்த விற்பனைக்குள் அடங்கும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. அதனால்தான் ‘சிவிக்குக்கு ஒரு ஹெடர்’ என்று கேட்காமல், செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுத்தில் அனுப்பிக் கேளுங்கள் என்று எங்கள் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். எழுத்தில் கேட்டதற்குத்தான் எழுத்தில் பதில் வரும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம்; 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் விசாரிக்கலாம். கராஜ் நடத்துபவர்களிடம் நான் கேட்பது, பொருத்திப் பார்த்து அளந்து, சொந்தக்காரரின் சம்மதத்தைப் பெறும்வரை கிரைண்டரைச் சுவரில் தொங்கவிடுங்கள் என்பதுதான்.

எங்கள் ஹெடர் இப்போது காரில்தான் இருக்கிறது. மவுண்ட், ஸ்டட்டுகள், சென்சர் வயர், வளையும் இணைப்புக்குழாய், வெல்டிங் கூலி என்று மேலும் 31,500 ரூபாய் செலவானது. தட்டிய பள்ளம் இரண்டாம் குழாயில் அப்படியே இருக்கிறது. சென்சர்த் துளையை மேற்புறம் மாற்றி ஒட்டிய படத்தையும் பிளாஞ்ச் அளவுகளையும் கடைக்கு இருமுறை அனுப்பியிருக்கிறோம். அதிகார சபைக்கு முறையிடுவதற்கான மூன்று மாதக் காலக்கெடு முடிய இன்னும் பத்தொன்பது நாள்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிற்றர் ஒருவர்,
உப்புவெளி,
திருகோணமலை.