ஆயாம்மாவின் கீரைக்கட்டுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

என் நோயாளி ஒருவர் விஷயத்தில் நடந்தது என்ன என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும்படி 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அவரைப் பற்றி நான் எழுதமாட்டேன். மனநலத் துறையில் எம்.ஃபில் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போகப் பெட்டி கட்டியவள், இன்று மறுபடியும் வார்டில் நிற்கிறேன். அதற்குத்தான் இந்த மடல்.

என் நோயாளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட மேற்பார்வையாளருக்கும், என் புறநோயாளிப் பணியையும் சேர்த்துப் பார்த்த வகுப்புத் தோழர்களுக்கும், மதுரையிலிருந்து இரவு பஸ் ஏறி வந்துவிட்ட அம்மாவுக்கும் என் நன்றி. உங்களிடம் நேரில் இன்னும் நிறையப் பேசுவேன்.

இங்கே நான் சொல்ல வந்தது எங்கள் வார்டு ஆயாம்மாவைப் பற்றி.

அந்தச் சம்பவம் நடந்து ஒன்பதாம் நாள். வேலை முடிந்தும் அறைக்குப் போகப் பிடிக்காமல் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆயாம்மா வீட்டுக்குக் கிளம்பியவர், கையிலிருந்த முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்துப் பாதியை என் மடியில் வைத்தார். "உருவிக் கொடு பாப்பா. காம்பு விழாமல் பார்த்துக்கொள்." அவ்வளவுதான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, தைரியமாக இரு என்று சொல்லவில்லை. எதிரில் நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கை உருவத் தொடங்கினார்.

என் அம்மா சத்துணவுக்கூடத்தில் சமைப்பவர். கீரை உருவியே வளர்ந்த கை இது. நாலைந்து கொத்து முடிந்திருக்கும், அந்த நோயாளியின் பெயர் என் வாயிலிருந்து தானாக வந்தது. ஆயாம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. "ம், சொல்லு" என்றார். ஒன்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. விரல் நுனியெல்லாம் பச்சையாக இருந்ததால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுவதையும் சொல்லி முடித்தேன்.

மனநிலை மாறட்டும் என்று காத்திராமல் முதலில் ஒரு செயலைத் தொடங்க வேண்டும் என்று 1970களில் உளவியலாளர் லெவின்சோன் வகுத்த வழியைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒருவரை அப்படியே ஏற்றுக்கொள்ளும் நிபந்தனையற்ற ஏற்பு பற்றி உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதியதையும் படித்திருக்கிறேன். இரண்டும் எனக்கு உறைத்தது அந்த பெஞ்சில்தான். அதுவரை நான் மனச்சோர்வை அளக்கும் பெக் வினாத்தாளின் 21 கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, பதிலுக்காகக் காத்திருந்தவள். வினாத்தாள் தேவைதான், அதை முதலில் நீட்டியதுதான் என் அவசரம்.

இப்போது நாற்காலியைச் சற்றுப் பக்கவாட்டில் போட்டுக்கொள்கிறேன். யாரோடும் பேசாத ஒருவருடன் சென்ற வாரம் காகித உறை மடித்தேன். நான் மடித்த பத்தாவது உறையைப் பார்த்து, "ஓரம் சரியில்லை" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "நெஞ்சு அடைக்கிறது" என்று ஒருவர் சொன்னால், குறிப்பேட்டில் முதலில் அதை அப்படியே எழுதுகிறேன். நோயின் பெயர் அடுத்த வரியில் வரட்டும். பயிற்சி முடிந்து எந்த ஊரில் வேலை பார்த்தாலும் இந்தப் பழக்கத்தை விடமாட்டேன்.

ஆயாம்மா, உங்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டுவார்கள். வியாழக்கிழமை எனக்கு மாலைவரை வார்டில் பணி. கீரை வாங்கினால் சொல்லுங்கள், உருவித் தருகிறேன்.