போனை வைத்த பிறகு வரும் எரிச்சல்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

போனைக் குறைத்துக்கொண்டு வருகிறாய், ஆனால் மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் எரிச்சல்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: "வரைவது, ஒட்டுவது, எதையாவது செய்து பார்ப்பது எல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது போலிருக்கிறது." அந்த வரிதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பேசினால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன்.

அக்கா, எதுவும் உன்னை விட்டுப் போகவில்லை. அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

விரலை நகர்த்த நகர்த்த முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கிறதே திரை, அது தானாக அமைந்ததல்ல. 2006-இல் அஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய உத்தி. அதற்கு முன்பெல்லாம் பக்கத்தின் அடிக்கு வந்ததும் 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்த வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடித் தடங்கலில் 'போதும்' என்று எழுந்துபோக மனிதருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பு போய்விட்டது. இதை உருவாக்கியதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

இன்னொன்று, அடுத்து வருவது சிரிப்பாக இருக்குமா, சப்பென்று இருக்குமா என்று முன்கூட்டித் தெரியாது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதைத்தான் கண்டார். எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறாக்கள் ஓயாமல் கொத்தின. நம் கட்டைவிரலும் அப்படித்தான் பழகியிருக்கிறது. இப்படி வருஷக்கணக்கில் பழகிய மனதை ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது முரண்டு பிடிக்கத்தான் செய்யும். தாள் தானாக எதையும் காட்டாது. முதல் கோட்டை நாம்தான் போட வேண்டும்.

ஆகவே அந்த எரிச்சலோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதைத் தாண்டித்தான் விளையாட்டு வருகிறது. 2014-இல் இங்கிலாந்தில் சாண்டி மான், ரெபெக்கா காட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை உட்கார வைத்து, டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களைப் பார்த்துப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் எழுதச் சொன்னார்கள். எவ்வளவு அலுப்பான வேலை! அதன் பிறகு இரண்டு பிளாஸ்டிக் நுரைக் கோப்பைகளைக் கொடுத்து, இவற்றை என்னென்ன விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். எண்களை எழுதாமல் நேராக வந்தவர்களைவிட, எழுதி அலுத்துப்போனவர்கள் அதிக வழிகளைச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான், இதை வைத்துப் பெரிய முடிவுக்கெல்லாம் வரக்கூடாது. ஆனாலும் அலுப்பு வந்த உடனே போனை எடுக்கிறோமே, அது எதைத் தொடங்கவிடாமல் செய்கிறது என்று யோசிக்க வைக்கிறது, இல்லையா?

போனை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய். மேஜையில் கவிழ்த்து வைக்காதே. வேறு அறையில் வை, சத்தத்தை முழுக்க ஏற்றி வை. அவசரம் என்றால் யாரும் மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள், கூப்பிடுவார்கள். உனக்கும் கேட்கும். மற்ற நோட்டிபிகேஷன்களை நிறுத்திவிடு. திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது, ஆப்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது இதெல்லாம் சிலருக்கு உதவுகிறது, பிடித்தால் செய். என்னைக் கேட்டால் எழுந்து நடக்க வேண்டிய அந்தத் தூரம்தான் பெரிய உதவி.

போனிலேயே வரையும் ஆப் போதாதா என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் அக்கா. போட்ட கோட்டை ஒரு தட்டலில் அழித்துவிடலாம் என்றால் கை எதிலும் துணிந்து இறங்காது. தவிர, அதே கண்ணாடியில்தான் மற்ற எல்லாமும் காத்திருக்கிறது.

சரி, என்ன செய்வது? பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு ஸ்டிக்கி நோட் கட்டு, ஒரு பேனா. போனை வைக்கப் போவதற்கு முன்பே இரண்டையும் மேஜையில் எடுத்து வைத்துவிடு. வைத்த பிறகு தேட ஆரம்பித்தால் கால் அந்த அறைக்கே போகும்.

ஒரு பந்து கீழே விழுந்து எழும்புவதை, தாளுக்கு ஒரு பந்தாக வரை. கட்டின் கடைசித் தாளில் தொடங்கு. அதன்மேல் அடுத்த தாளை விட்டால் அடியில் போட்டது லேசாகத் தெரியும், அதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். இப்படியே பின்னாலிருந்து முன்னால் வா. உச்சியில் பந்துகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருக்கமாக இருக்கட்டும். கீழே வர வர இடைவெளியைக் கூட்டு. தரையைத் தொடுவதற்கு முந்தைய தாளில் பந்தைக் கொஞ்சம் நீட்டி வரை, தொடும் தாளில் நன்றாக அமுக்கிவிடு. எழும்பும்போது இடைவெளி குறைந்துகொண்டே போகட்டும். பிறகு கட்டைவிரலால் பின்னாலிருந்து சரசரவென்று தட்டிப் பார். பந்துக்குக் கனம் வந்திருக்கும்! எல்லா இடைவெளியையும் ஒரே அளவாகப் போட்டும் ஒருமுறை பார். கயிற்றில் கட்டி இறக்குவது போல உயிரில்லாமல் இறங்கும்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு 12 படம். அந்தக் கணக்கில் நீ 24 தாள் வரைந்தால் இரண்டு நொடிப் படம் எடுத்துவிட்டாய். ஒரு வட்டம் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இரண்டாவது, மூன்றாவது குதிப்புக்கு வரும்போது கை தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும், மனம் வேறெதையோ கேட்கத் தொடங்கும். இது ஏன் பந்தாகவே இருக்க வேண்டும்? இதற்குக் கால் முளைத்தால்? தரை கிழிந்து உள்ளே போய்விட்டால்? அந்தக் கேள்வி வந்துவிட்டால் பிறகு நான் சொல்ல ஒன்றுமில்லை. போகிற வழிக்குப் போ.

ஒன்று மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். செய்ததைப் போட்டோ எடுத்துப் போடாதே, எனக்குக்கூட அனுப்பாதே. பாதி வரையும்போதே 'இது போட்டோவில் எப்படித் தெரியும்' என்ற நினைப்பு வந்துவிட்டால், அந்த நொடியே கோடு பயந்துவிடுகிறது. அந்த நினைப்பு தெரிந்ததையே, நன்றாக வருவதையே வரையச் சொல்லும். கோணலாகப் போகும் சுதந்திரம் இருந்தால்தான் அது விளையாட்டு. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தால் கை எவ்வளவு தாராளமாகிறது என்று நீயே பார்ப்பாய். கட்டு நிறைந்த பிறகு வைத்துக்கொள்வதோ கிழித்துப் போடுவதோ உன் இஷ்டம்.

பாப்பா வந்து எட்டிப் பார்ப்பாள், நிச்சயம் வருவாள். உன்னுடையதில் வரைய விடாதே, அவளுக்குத் தனியாக ஒரு கட்டு கொடு. நீ இடைவெளி எப்படி விடுகிறாய் என்று கேட்டால் சொல்லிக்கொடு, கேட்காவிட்டால் சொல்லாதே. அவளுடைய பந்து கீழே வராமல் மேலேயே போய்க்கொண்டிருந்தால் திருத்தாதே. எங்கே போகிறது என்று மட்டும் கேள்.

அன்புடன்,
உன் தம்பி