கார் வாங்கிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கார் படங்கள் வந்து சேர்ந்தன. ரொம்பச் சந்தோஷம். பின்சீட்டில் பேத்தி உட்கார்ந்திருக்கும் படத்தை அப்பா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூடவே நீ எழுதியிருந்தாயே, "இன்சூரன்ஸ் எல்லாம் கார் விற்றவரே போட்டுக் கொடுத்துவிட்டார், ஃபுல் கவர்" என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஓடவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இத்தனை வருஷம் மோட்டார் கிளைம் பிரிவில் வேலை பார்த்தவள். என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற வந்தவர்கள் இல்லை. "ஃபுல் கவர் என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள். ஃபுல் கவர் என்று ஒரு பாலிசியே கிடையாதம்மா. இன்ன காரை, இன்னார், இன்ன உபயோகத்துக்கு ஓட்டும்போது, இன்னது நடந்தால், இவ்வளவு வரைக்கும் தருவோம் என்றுதான் எல்லாப் பாலிசியும் எழுதியிருக்கும். ஆகவே அதை எடுத்துப் படிக்கும்போது உங்கள் வீட்டின் ஒரு வாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. காலையில் யார் ஓட்டுகிறீர்கள், பள்ளிக்குப் போகும்போது யார் வீட்டுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள், ராத்திரி கார் எங்கே நிற்கிறது, இதெல்லாம் பாலிசியில் இருக்கிறதா என்று பார்.

முதலில் பார்க்க வேண்டியது மூன்றாம் நபர் காப்பீடு. புதுக் கார் வாங்கியவர்கள் எல்லோரும் காரில் கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்பார்கள். கார் போனால் ஒரு காரோடு போச்சு. உன் காரால் இன்னொருவர் இடுப்பு உடைந்து படுத்துவிட்டால், அவருடைய வைத்தியம், அவர் வேலைக்குப் போக முடியாத வருஷங்கள், அவர் குடும்பம் எல்லாம் சேர்ந்து உன் தலையில் வரும். இதனால்தான் இந்தக் காப்பீடு சட்டத்துக்குள்ளேயே வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927-லேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது. பிரிட்டன் 1930-ல் சட்டம் போட்டது. அடிபட்டவர் வழக்கில் ஜெயித்தாலும், ஓட்டியவர் கையில் காசு இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பை வைத்து என்ன செய்வது? அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நியூசிலாந்து வேறு வழியில் போனது. அங்கே 1974 முதல் விபத்துக் காயங்களுக்கு, யார் தப்பு என்று பார்க்காமல், பொது நிதியிலிருந்தே பணம் தருகிறார்கள். மற்ற இடங்களில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் நம்முடைய பாலிசியின் தலையில்தான்.

சட்டம் கேட்பது பல இடங்களில் குறைந்தபட்சத் தொகைதான். அந்தக் குறைந்தபட்சம் ஒரு பெரிய விபத்துக்குப் போதும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. உன் பாலிசியில் உடல் காயத்துக்கு எவ்வளவு, பிறர் சொத்து சேதத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக உச்சவரம்பு போட்டிருந்தால், அதைக் கூட்ட முடியுமா என்று கேள். காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். இதில் வேண்டாம். விபத்து என்றால் நெடுஞ்சாலையில் மோதுவது மட்டும் இல்லை. ஓரமாக நிறுத்தியதும் பேத்தி பின்கதவைப் படாரென்று திறக்கிறாள், பின்னால் சைக்கிளில் வந்தவர் கதவில் மோதி விழுகிறார். கார் நகரவே இல்லை, ஆனாலும் பொறுப்பு உங்களுடையதுதான். கதவுப் பக்கம் இருக்கும் கையால் திறக்காமல், மறுபக்கக் கையை நீட்டித் திறக்கப் பழக்கிவிடு. உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார்.

இன்னொன்று. ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் கேட்டை இடித்தால் மூன்றாம் நபர் பகுதியில் வரும். உன் வீட்டுக் கேட்டையே இடித்தால் வராது. உன் சொத்துக்கு நீ மூன்றாம் நபர் ஆக முடியாது. அதே மாதிரி, காருக்குள் உட்கார்ந்திருக்கும் நீ, மாப்பிள்ளை, குழந்தை ஆகியோருக்குக் காயம் பட்டால் எந்தப் பகுதியிலிருந்து பணம் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. ஓட்டுபவரின் சொந்தக் காயத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு தராது. அதற்குத் தனி விபத்துக் காப்பீடு வேண்டும். குடும்பத்தார் பயணம் செய்யும்போது கிடைக்கும் தொகைக்குச் சில பாலிசிகள் தனியாக வரம்பு வைத்திருக்கும். கார் பாலிசியில் வீட்டுப் பெண்கள் கேட்காமலே விடும் கேள்வி இதுதான், நீ கட்டாயம் கேட்க வேண்டும்.

அப்புறம், யார் ஓட்டுகிறார்கள் என்பது. உன் பாலிசியில் ஓட்டுநர்களின் பெயர் போட்டிருக்கிறதா, இல்லை, உன் அனுமதியோடு லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் சரி என்று இருக்கிறதா? இரண்டு வகையும் உண்டு. பெயர் போட்ட வகை என்றால் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டும், நீ சொல்லாமல் அவர்களாகச் சேர்க்க மாட்டார்கள். தம்பி படிப்புக்காக உங்களோடு வந்து தங்கப்போகிறான். வந்தால் காரைக் கேட்காமல் இருக்க மாட்டான். எப்போதாவது ஓட்டினால் ஒன்று, தினமும் காலேஜுக்கு எடுத்துப்போனால் வேறு. அவன் வயதுக்குப் பிரீமியம் ஏறும், விபத்தானால் நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகையும் கூடுதலாக இருக்கலாம். அதைத் தவிர்க்க, அவன் ஓட்டும் காருக்கு உன்னைப் பிரதான ஓட்டுநராகக் காட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே.

இன்சூரன்ஸ் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கெல்லாம் ஒரு பழைய தீர்ப்பு தெரியும். 1766-ல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு சொன்னது. காப்பீடு கேட்பவருக்குத் தெரிந்த விஷயம் காப்பீடு தருபவருக்குத் தெரியாது, அதனால் தெரிந்ததை மறைக்காமல் சொல்வது கேட்பவரின் கடமை என்பது அதன் சாரம். அது கப்பல் காலத்துத் தீர்ப்பு. பின்னாளில் சட்டங்கள் மாறி, கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் போதும் என்று சில நாடுகளில் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் பொய்ப் பதில் எந்தக் காலத்திலும் கிளைமைக் கவிழ்க்கும். ஃபாரத்தைக் கார் விற்றவர் நிரப்பியிருக்கிறார் என்றால், அவர் என்ன பதில் போட்டார் என்று நீ பார்த்தாயா? பழைய விபத்து ஏதும் உண்டா, கார் எங்கே நிறுத்தப்படும், எதற்கு உபயோகம் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். பதில் அவர் எழுதியது, ஆனால் கையெழுத்து உன்னுடையது. தப்பு இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லி எழுதிப் போடு.

எதற்கு உபயோகம் என்ற கேள்வியிலும் ஒரு சிக்கல் உண்டு. அலுவலகத் தோழியை ஏற்றிக்கொண்டு, எரிபொருள் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதைப் பொதுவாகச் சொந்த உபயோகமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகிற செலவுக்கு மேல் காசு வாங்கினால் அது வாடகை ஓட்டம். மாப்பிள்ளை வார இறுதியில் பார்சல் டெலிவரி பார்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். நல்லது, உழைப்பில் குறைவில்லை. ஆனால் பார்சல் ஏறியதும் அது தொழில் உபயோகம், சொந்த உபயோகப் பாலிசி அப்போது கைவிட்டுவிடும். ஆரம்பிப்பதற்கு முன்னால் கம்பெனியிடம் சொல்லி, அதற்கான கவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்.

சொந்தக் காரின் சேதத்துக்கு வருகிறேன். டிடக்டிபிள் என்று ஒரு தொகை போட்டிருக்கும். ஒவ்வொரு கிளைமிலும் அந்த அளவு உன் கையிலிருந்து போகும், மீதிதான் அவர்கள் தருவது. பார்க்கிங்கில் பம்பர் நசுங்கியது என்று வை. பழுதுச் செலவு 100, டிடக்டிபிள் 60 என்றால் உனக்கு வருவது 40. இப்போது அடுத்த வருஷத்தைப் பார். பிரீமியம் 300, அதில் கிளைம் இல்லாததற்கு 20 சதவீதத் தள்ளுபடி என்றால் 60 குறைந்திருக்கும். இந்தக் கிளைமால் அந்த 60 போய்விட்டால், 40 வாங்கப் போய் 60 இழந்தாய். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, உன் பாலிசி எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார். சின்னக் கீறலைக் கையிலிருந்து சரிசெய்துகொள்வது பல நேரம் லாபம். ஆனால் இன்னொருவருக்குக் காயமோ சேதமோ என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே தகவல் கொடு. இப்போதே கையில் காசு கொடுத்து முடித்துவிடலாம் என்று அந்த நபர் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் கழுத்துவலி என்று நோட்டீஸ் அனுப்பினால், தாமதமாகச் சொன்னாய் என்று கம்பெனி தகராறு செய்யும்.

மழைத் தண்ணீரைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நிறுத்திய கார் மூழ்கினால், சொந்தக் காரின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பெரும்பாலும் கவர் உண்டு. பிரச்சினை அதற்கப்புறம் சாவியைத் திருப்புவதில்தான். எஞ்சினில் சிலிண்டர் என்ற குழாய்க்குள் பிஸ்டன் என்ற உருளை மேலே போகும்போது காற்றை அமுக்கும். காற்று அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. உள்ளே தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், போகிற வேகத்துக்குப் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒருமுறை பிரித்துப் போட்ட எஞ்சினிலிருந்து அப்படி ஒரு ராடை எடுத்து, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் என் கையில் கொடுத்தார். கெட்டியான எஃகு, நடுவில் வில் மாதிரி வளைந்திருந்தது. ஓரங்களில் உரசிய பளபளப்பு, வேறெங்கும் துரு கூட இல்லை. "வெள்ளம் இதைச் செய்யவில்லை மேடம், சாவி செய்தது" என்றார். இதைத்தான் தொடர்விளைவுச் சேதம் என்று பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. எஞ்சினுக்குத் தனியாக கவர் சேர்த்திருந்தால் தப்பிக்கலாம், அதிலும் நிபந்தனைகள் இருக்கும். தண்ணீரில் கார் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதே, தள்ளியும் கிளப்பாதே. குழந்தையை இறக்கிக்கொண்டு மேடான இடத்துக்குப் போ. மாப்பிள்ளையிடமும் இதைச் சொல். ஆண்களுக்கு இன்னொரு தடவை முயற்சி செய்து பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும்.

சில்லறை விஷயங்கள் சில. காருக்குள் வைத்த லேப்டாப் திருடுபோனால் கார் பாலிசியில் பெரும்பாலும் வராது, வந்தாலும் சொற்பம்தான். டயர் தேய்மானம், பேட்டரி, தானாகப் பழுதாகும் பாகங்கள் எல்லாம் பராமரிப்பில் சேர்ந்தவை, இன்சூரன்ஸில் இல்லை. புதிதாக எதையாவது மாட்டினால், அது கூரைக் கேரியராக இருந்தாலும் சரி, தெரியப்படுத்து. எஞ்சினை ஓடவிட்டு, சாவியைக் காரிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் போய்வருவது உனக்குப் பழக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கார் போனால் கவனக்குறைவு என்று கிளைமைத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடு.

குழந்தை சீட்டைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பலமான மோதலுக்குப் பிறகு, வெளியே ஒரு கீறல் இல்லாவிட்டாலும் அந்தச் சீட்டை மாற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம், அடுத்த மோதலில் அது தாங்காது. புதுச் சீட்டுக்கான பணத்தைப் பல பாலிசிகள் தருகின்றன, கேட்டால்தான் தருவார்கள். விபத்தானால் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் அதையும் சேர்.

கார் லோனில்தானே வாங்கியிருக்கிறீர்கள்? கார் முழுதாக நாசமானால் அவர்கள் தருவது அன்றைய மதிப்பு அல்லது பாலிசியில் குறித்த மதிப்பு, நீ கொடுத்த விலை இல்லை. முதல் இரண்டு மூன்று வருஷம் கார் மதிப்பு வேகமாக இறங்கும், லோன் மெதுவாகத்தான் இறங்கும். இடையில் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது என்று பார்த்துக்கொள். அதற்கென்று தனி கவர் கிடைக்கும். முன்பணம் நிறையக் கட்டியிருந்தால் அது தேவையில்லை.

ஏதாவது நடந்துவிட்டால், ஆட்கள் பத்திரமா என்று பார், அடிபட்டவருக்கு உதவிக்குக் கூப்பிடு. கார்களை நகர்த்தும் முன் நாலு பக்கமும் படம் எடு, எதிராளியின் பெயர், வண்டி எண், அவருடைய இன்சூரன்ஸ் விவரம் வாங்கிக்கொள். நின்று பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் எண்ணையும் வாங்கு. சண்டை போடாதே, மன்னிப்புக் கேட்டு "என் தப்புதான்" என்று எழுதியும் கொடுக்காதே. நடந்ததை நடந்தபடி போலீஸிடமும் கம்பெனியிடமும் சொல், யார் தப்பு என்று முடிவு செய்வது அவர்கள் பாடு. கம்பெனி பார்த்து ஒப்புக்கொள்ளும் முன் பழுதுவேலையை ஆரம்பிக்கச் சொல்லாதே.

பாலிசி முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே உன் போனில் ஒரு நினைவூட்டல் வை. ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த ஒரு நாள் உனக்குக் காப்பீடு இல்லை.

பாலிசியின் முதல் பக்கத்தையும், விலக்குகள் என்று தலைப்புப் போட்ட பக்கங்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நானும் படித்துவிட்டு, கம்பெனியிடம் கேட்க வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். பதிலை வாய் வார்த்தையாக வாங்காதே, மின்னஞ்சலில் வாங்கு. தம்பி அங்கே வருவதற்குள் இது முடிந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அம்மா