377ஏ பிரிவும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தன்பாலின உறவைக் குற்றமாக்கும் சட்டத்தை ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் விட்டுச் சென்றனர். அதனை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல், வயது வந்தோரின் இசைவான உறவைப் பொறுத்தவரை, செல்லாதென்றது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் நீக்கியது. அண்டையிலுள்ள தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் தன்பாலினத்தவர் மணமே செய்துகொள்ளலாம். நம் மலேசியாவிலோ, தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு கூறும் இக்குற்றத்துக்கு இன்றும் 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடமுண்டு, இது கொடுமை.

என்னிடம் படித்த ஒருவர், தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து வரும்போதெல்லாம், பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறுமுன் தம் துணைவருடன் எடுத்த படங்களைக் கைப்பேசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துவிடுவாராம். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எழுந்தால், விடுப்பு முடியுமுன்பே கிளம்பிவிடுகிறார். பெற்ற தாய்க்கு இது தெரியாது.

விவரமறிந்த பெற்றோர் சிலரோ, குணப்படுத்துவதாகச் சொல்பவர்களிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’ முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் தடை செய்தது. பெற்றோருக்கு இவற்றை எடுத்துச் சொல்ல, தமிழறிந்த மனநல மருத்துவர்களைக் கொண்டு தங்கள் ஞாயிறு பதிப்பில் கட்டுரைகள் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு